முருங்கைப் பிசினும் மாமியாரின் கைப்பக்குவமும்

கம்ப்யூட்டர் திரையில் அந்தக் கூம்பைப் பார்த்ததும் நான் நாற்காலியை விட்டு எழுந்து குதித்தே விட்டேன். சின்னப் பிள்ளை குதித்தால் ரசிக்கலாம். கல்லூரியில் வேதியியல் பாடம் எடுக்கிற, தலை நிறைய மல்லிகைப்பூ வைத்த, முட்டியில் அவ்வப்போது வலி வருகிற ஒருத்தி குதித்தால் பார்க்கிறவர்களுக்குப் பயம்தான் வரும். மெஷினை இயக்குகிறவர் பதறிப்போனார்.

"சேச்சி, பைய, பைய! தரையில போட்டிருக்கிற அந்தக் கோட்டைத் தாண்டிப் போயிடாதீங்க!"

அவர் குமுளிக்கு அந்தப் பக்கத்து ஆள். மதுரையைத் தாண்டி ஓர் ஆய்வு நிறுவனத்தில் வேலை. நான் தேனிக்காரி என்று தெரிந்த நிமிஷத்திலிருந்து ஒரே மலையின் இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டோம். அவர் பதறியதற்கும் காரணம் இருக்கிறது. காலையில்தான் ஒரு கூத்து நடந்திருந்தது.

அங்கே இருப்பது என்.எம்.ஆர். மெஷின். ஆஸ்பத்திரியில் உள்ளே படுக்க வைத்து எடுக்கிறார்களே எம்.ஆர்.ஐ. ஸ்கேன், அதற்குப் பெரியப்பா முறை. ஆளை உள்ளே விடாமல், பேனா ரீஃபிலை விடக் கொஞ்சம் தடித்த கண்ணாடிக் குழாயில் கொஞ்சூண்டு கரைசலை ஊற்றி உள்ளே இறக்குவார்கள். ஆள் உயரத்துக்கு மேல் வெள்ளைத் தொட்டி, அதற்குள் ராட்சசக் காந்தம். இரும்பு எதையும் கொண்டு போகக் கூடாது. கடிகாரம், போன், சாவிக்கொத்து எல்லாவற்றையும் கொடுத்தேன். தாலியையும் கழற்றணுமோ என்று அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். தங்கத்துக்கும் காந்தத்துக்கும் ஒரு சோலியும் கிடையாது என்று அவருக்கே நான் வகுப்பு எடுத்தேன். தாலிக்கொடியில் தொங்கிய ஊக்குகளை மறந்து போனேன்.

எங்கள் பக்கம் கல்யாணமான பொம்பளையின் தாலிக்கொடியில் ஒரு கொத்து ஊக்கு இல்லாமல் பார்ப்பது அபூர்வம். சேலைக் கொசுவத்துக்கு, பிள்ளையின் சட்டைக்கு, அறுந்து போன செருப்பு வாருக்கு என்று எதற்கும் உதவும். தொட்டியை ஒட்டிப் போய் நான் அண்ணாந்து பார்த்தேனோ இல்லையோ, அந்தக் கொத்து அப்படியே என் நெஞ்சை விட்டுக் கிளம்பி, தொட்டியைப் பார்த்து விறைப்பாக நீட்டி நின்றது. கூடவே தாலியும். "ஐயோ!" என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினோம். அவர் என் முழங்கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். அதற்கப்புறம் நான் எழுந்து நின்றாலே அவருக்கு உதறல்.

நான் படிப்பது சர்க்கரையைப் பற்றி. டீயில் போடுகிற சர்க்கரை இல்லை. முருங்கை மரத்தில் அடிபட்ட இடத்தில் ஊறி வடிந்து, காய்ந்து, செம்பழுப்பாகக் கெட்டியாகிறதே பிசின், அதுவும் சர்க்கரைதான். நாக்கில் வைத்தால் இனிக்காது, வழவழவென்று ஒட்டும், அவ்வளவுதான். நான்கைந்து வகைச் சர்க்கரைகள் ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டு, கிளை விட்டு, கிளைக்குக் கிளை விட்டு, ஆயிரக்கணக்கில் கூடி நிற்கிற கூட்டம் அது. அதில் எந்தச் சர்க்கரை எதனுடைய எந்தக் கையைப் பிடித்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் பிஎச்.டி. ஆராய்ச்சி.

"கண்டுபிடிச்சு?" என்று என் வீட்டுக்காரர் ஒருநாள் கேட்டார். அவர் பழனிசெட்டிபட்டியில் சொட்டுநீர்க் குழாய்க் கடை வைத்திருக்கிறார். திராட்சைத் தோட்டக்காரர்கள், வாழைக்காரர்கள் எல்லோரும் அவரிடம்தான் குழாய் வாங்குகிறார்கள்.

"கண்டுபிடிச்சா மாத்திரை மேல பூசலாம், மருந்து கெட்டியாகுறதுக்குச் சேர்க்கலாம், இன்னும் என்னென்னமோ செய்யலாம். யார் யாரோட ஒட்டியிருக்கான்னு தெரியாம எப்படிங்க அதெல்லாம் செய்ய முடியும்? குழாய்ல எந்த முனை எதுல மாட்டியிருக்குன்னு தெரியாம நீங்க தண்ணி திறந்து விடுவீகளா?" என்று நான் சண்டைக்குப் போனேன்.

"விடமாட்டேன் டாக்டரம்மா," என்று கையெடுத்துக் கும்பிட்டார். பட்டம் வாங்குவதற்கு வருஷக்கணக்கில் முன்னாலேயே அவர் எனக்கு வைத்த பட்டப்பெயர் அது.

அந்தப் பட்டம்தான் அப்போது அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. உத்தமபாளையம் பக்கம் ஒரு கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் படிக்கிறவள் நான். பதிவுக் காலத்தை ஒருமுறை நீட்டினார்கள், நீட்டியதை மறுபடி நீட்டினார்கள், இனி நீட்ட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வருஷக் கடைசிக்குள் ஆய்வுச் சுருக்கத்தைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் பதிவு ரத்து, அத்தனை வருஷமும் தண்ணீரில் போட்ட உப்பு. என் கைடு ரொம்ப நல்ல மனிதர், ஆனால் பூசி மெழுகத் தெரியாதவர். "இந்தப் பிசினோட அமைப்பு இந்தத் தடவை கிடைக்கணும்மா. கிடைக்கலன்னா நாம ரெண்டு பேரும் இதை மறந்துடுவோம்," என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்.

மறப்பதா? என் மாமியார் என்னைக் கொன்றுபோடுவார். நான் படிக்க வேண்டும் என்று வீட்டில் முதலில் சொன்னதே அவர்தான். "நீ போய்ப் படி தாயி, அடுப்ப நான் பாத்துக்கிறேன்," என்றார். சொன்ன நாளிலிருந்து அடுப்பைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். பிசின் வேண்டும் என்றதும், "அது எதுக்கு நீ அலையுற? எங்க அண்ணன் தோட்டத்துல இல்லாத முருங்கையா?" என்று தானே உத்தமபாளையத்துக்கு பஸ் ஏறிப்போய், ஒரு எவர்சில்வர் தூக்கு நிறையப் பிசின் கொண்டுவந்து கொடுத்தார்.

தூக்கைத் திறந்து பார்த்து நான் அசந்துபோனேன். அடேயப்பா, என்ன அழகு! கட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக உருண்டன. பன்னீர் திராட்சை மேல் சாம்பல் பூத்த மாதிரி இருக்குமே, அதே மாதிரி மெல்லிய வெள்ளைப் பூச்சு. சுத்தமான மரத்துப் பிசின் இப்படித்தான் பூக்கும் போலிருக்கிறது என்று நானே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டேன். "சூப்பர் அத்தை!" என்றேன். அவருக்கு முகம் கொள்ளாத பெருமை.

பிசினைச் சுடுதண்ணீரில் கரைத்து, வடிகட்டி, ஆல்கஹால் ஊற்றினால் வெள்ளை வெள்ளையாகத் திரண்டு அடியில் இறங்கும். அதை எடுத்துச் சவ்வுப் பையில் கட்டி நல்ல தண்ணீரில் தொங்கவிட்டால் உப்பு, சின்னச் சின்ன அழுக்கு எல்லாம் சவ்வு வழியாக வெளியேறிவிடும். பெரிய சர்க்கரைச் சங்கிலிகள் மட்டும் உள்ளே தங்கும். கடைசியில் உறைய வைத்து உலர்த்தினால் இலவம்பஞ்சு மாதிரி ஒரு பொருள் கிடைக்கும். அந்தப் பஞ்சைத்தான் கரைத்துக் குழாயில் ஊற்றிக் காந்தத்துக்குள் இறக்கினோம்.

மெஷின் பார்ப்பது ஹைட்ரஜனை. ஒவ்வொரு ஹைட்ரஜனும் தான் இருக்கிற இடத்துக்குத் தகுந்த மாதிரி வரைபடத்தில் ஒரு கூம்பு போடும். பெரும்பாலானவை நடுவில் திருவிழாக் கூட்டம் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். ஆனால் ஒவ்வொரு சர்க்கரையிலும் ஒரே ஒரு ஹைட்ரஜன் மட்டும் கூட்டத்தை விட்டு விலகி இடது பக்கம் போய் நிற்கும். அந்த ஓரத்தில் எத்தனை கூம்பு என்று எண்ணினால் எத்தனை வகைச் சர்க்கரை என்று சொல்லிவிடலாம். நான் எதிர்பார்த்த கூம்புகள் எல்லாம் இருந்தன. அவற்றுக்கும் அந்தப் பக்கம், ஐந்து புள்ளி நான்கு என்ற இடத்தில், யாரும் எதிர்பார்க்காத இன்னொரு கூம்பு கம்பீரமாக நின்றது. குளுக்கோஸ்! முருங்கைப் பிசினைப் பற்றி நான் படித்த எதிலும் இப்படிக் கை கோத்த குளுக்கோஸ் கிடையாது. அதற்குத்தான் குதித்தேன்.

சந்தோஷத்தில் மூளை லீவு போட்டுவிட்டுப் போய்விட்டது. வெளியே வந்து ஊக்கைக்கூட மாட்டாமல் வீட்டுக்குப் போன் அடித்தேன்.

"அத்தை, உங்க பிசின்ல புதுசா ஒரு சர்க்கரை இருக்கு! இதுவரைக்கும் யாருமே பார்க்காதது!"

"நெசமாவா? எங்க அண்ணன் மரத்துலயா?" என்று கேட்டார். பிறகு போனை வைக்காமலே தெருவுக்கு நடந்துவிட்டார். செருப்புச் சத்தமும், "ஏ மதினி, சங்கதி தெரியுமா?" என்கிற குரலும் என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தன.

நான் தேனி பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்குவதற்குள் பழனிசெட்டிபட்டியில் பாதிப் பேருக்கு விஷயம் தெரிந்திருந்தது. எதிர்வீட்டு அக்கா வாசலிலேயே மறித்து, "அந்தச் சர்க்கரையக் காப்பியில போட்டா சுகர் ஏறாதாமே, ஒரு கால் கிலோ கெடைக்குமா?" என்றார். என் வீட்டுக்காரர் ஃப்ளெக்ஸ் கடையில் ஆர்டரே கொடுத்துவிட்டார். எங்கள் ஊரில் பிள்ளைக்குக் காது குத்தினாலே ஃப்ளெக்ஸ் வைக்கிறவர்கள். புதுச் சர்க்கரைக்கு வைக்காமல் இருப்பார்களா? போனில் மாதிரியைக் காட்டினார். என் கல்யாணப் போட்டோவை வெட்டி எடுத்து, பக்கத்தில் ஒரு முருங்கை மரத்தை ஒட்டி, மேலே கொட்டை எழுத்தில், 'முருங்கையில் புதிய சர்க்கரை கண்டுபிடித்த எங்கள் வீட்டு மருமகளே வருக' என்று போட்டிருந்தது. எங்கே வருக? நான் வீட்டில்தானே இருக்கிறேன்! வெட்கமாக இருந்தது. உள்ளுக்குள் ரொம்பப் பிடித்தும் இருந்தது.

கைடு மட்டும் துள்ளவில்லை. வரைபடத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, "சரிம்மா. இந்தக் குளுக்கோஸ் யாரோட ஒட்டியிருக்கு?" என்று கேட்டார்.

அதைச் சொல்வதற்கு இன்னொரு சோதனை இருக்கிறது. கல்யாண மண்டபத்தில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் நாம் என்ன கேட்கிறோம்? நீங்க மாப்பிள்ளை வீடா, பொண்ணு வீடா? யாருக்கு என்ன முறை? அதே கேள்வியைத்தான் அந்தச் சோதனை ஒவ்வொரு ஹைட்ரஜனிடமும் கேட்கும். உனக்கு அடுத்து யார் இருக்கிறார்? அவருக்கு அடுத்து யார்? இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் வரைபடத்தில் அவர்களுக்கு நடுவே ஒரு புள்ளி விழும். புள்ளிகளைக் கோத்துக்கொண்டே போனால் மொத்தச் சொந்தபந்தமும் தெரிந்துவிடும்.

மறுபடி மெஷினுக்குப் போனேன், இந்தத் தடவை ஊக்கு இல்லாமல். புள்ளிகள் வந்தன. இந்தச் சர்க்கரைக்கும் அந்தச் சர்க்கரைக்கும் புள்ளி, அதற்கும் அடுத்ததற்கும் புள்ளி, கிளைக்கும் கிளைக்கும் புள்ளி. குளுக்கோஸ் நிற்கிற இடத்தில் மட்டும் அதற்கும் அதற்குமே புள்ளி. பிசின் குடும்பத்தில் ஒருத்தரோடும் ஒரு தொடுப்பும் இல்லை.

"சேச்சி, இந்த ஆளு யாரோடும் சேரலையே," என்றார் மெஷின்காரர், ரொம்ப மெதுவாக.

மாப்பிள்ளை வீட்டார் பொண்ணு வீடு என்று நினைக்க, பொண்ணு வீட்டார் மாப்பிள்ளை வீடு என்று நினைக்க, முதல் பந்தியிலேயே உட்கார்ந்து பாயசம் வரைக்கும் சாப்பிட்டுப் போகிற ஒருத்தர் எல்லாக் கல்யாணத்திலும் இருப்பாரே, அவர்தான் என் குளுக்கோஸ். வெளியாள். எங்கிருந்தோ வந்து கலந்தது. தன்னோடு தானே கைகோத்து நீளமாகப் போகிற குளுக்கோஸ் என்றால் அது என்ன என்று பிளஸ் டூ பிள்ளையே சொல்லும். ஸ்டார்ச். மாவுச்சத்து.

மறுநாள் கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு லேப். வேண்டுமென்றே செய்த மாதிரி, அன்றைக்குப் பாடமே அயோடின் சோதனை. உருளைக்கிழங்கில் ஒரு சொட்டு விட்டால் கருநீலம், மாவுச்சத்து இருக்கிறது என்று அர்த்தம். பிள்ளைகள் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு மூலையில் நின்று என் அருமைப் பிசின் கரைசலில் ஒரு சொட்டு விட்டேன். கத்திரிப்பூ நிறம் தெரிந்தது, மளமளவென்று கருத்து நீலமாகிவிட்டது.

"மேடம், உங்களுக்கு எங்களை விட சூப்பரா வந்திருக்கு!" என்று ஒரு பெண் கைதட்டினாள். எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து தட்டினார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த அயோடின் பாட்டிலை அப்படியே குடித்திருப்பேன்.

வீட்டுக்குப் போய் செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டேன்.

"அத்தை, உண்மையச் சொல்லுங்க. அந்தப் பிசின்ல என்ன போட்டீக?"

"ஒண்ணும் போடலையே தாயி. அரிசி மாவ வறுத்து லேசா ஒரு தூவு தூவுனேன். அம்புட்டுத்தான்."

"மாவா!"

"பின்ன? ஈரப் பிசினு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுக் கல்லாயிரும்ல? பொரிவிளங்கா உருண்டைக்கித் தூவுறதுதான. பெரிய பெரிய ஆளுக பாக்குற எடத்துக்குப் போற பொருளு, நம்ம வீட்டுல இருந்து போகுது, பாக்க லச்சணமா இருக்க வேணாமா?"

எனக்குத் தலைக்கு மேல் கோபம். என்னவெல்லாம் கத்தலாம் என்று வாய்க்குள் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர், சுருட்டிய ஃப்ளெக்ஸைத் தோளில் தூக்கிக்கொண்டு, "இந்தா வந்திருச்சு டாக்டரம்மா!" என்று உள்ளே நுழைந்தார். கூடத்தில் விரித்தார். முருங்கை மரத்துக்குப் பக்கத்தில் கல்யாணப் பட்டுச்சேலையில் நான் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தேன். புதிய சர்க்கரையாம். என் மாமியார் வீட்டு அரிசி மாவு! அடக்க முடியாமல் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், தரையில் உட்கார்ந்து சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. அதில் பாதி அழுகை என்று எனக்கும் தெரியும்.

விஷயம் புரிந்ததும் மாமியார் முகம் வெளுத்துவிட்டது. "அப்ப என்னால உன் படிப்புப் போச்சா?" என்று கேட்டார். அந்தக் குரலைக் கேட்டதும் என் சிரிப்பு நின்றுபோனது.

"போகலத்தை. புதுசா பிசின் வேணும். மாவு இல்லாம."

ஆனால் அதற்குள் ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டது. மழை பட்டால் பிசின் கரைந்து வழிந்து போய்விடும். மெஷின்காரரோ, பராமரிப்புக்கு நிறுத்தப் போகிறார்கள், அதற்கு முன்னால் ஒரே ஓர் இடம் காலியாக இருக்கிறது, இதை விட்டால் அடுத்த வருஷம்தான் சேச்சி, என்று போன் செய்தார். அடுத்த வருஷம் வரைக்கும் எனக்குப் பதிவு இருக்காது. என் வீட்டுக்காரர் கடையைச் சாத்திவிட்டு ஆண்டிபட்டிப் பக்கம் போனார். நானும் மாமியாரும் என் ஸ்கூட்டியில் கம்பம் ரோட்டில் கிளம்பினோம். நான் ரெயின்கோட்டில். பின்னால் அவர் ஒரு கையால் குடையும் இன்னொரு கையால் என் இடுப்பும் பிடித்துக்கொண்டு. காற்றில் குடை மடங்கும் போதெல்லாம் வண்டியும் ஒரு ஆட்டம் ஆடும். "ஏத்தா, நேரா ஓட்டு!" என்பார். "நீங்க குடைய நேராப் பிடிங்க!" என்பேன்.

வீரபாண்டி வந்ததும் முதுகில் தட்டினார். "ஒரு நிமிசம் நிறுத்து. ஆத்தாளைக் கும்பிட்டு வந்துர்றேன்."

"அத்தை, நேரமாச்சு!"

அவர் அதற்குள் இறங்கிப் போய்விட்டார். கௌமாரியம்மன் கோயிலிலிருந்து நெற்றி நிறையத் திருநீறோடு, முந்தானை முனையை முடிந்துகொண்டே வந்தார். எனக்கு இருந்த அவசரத்தில் நெற்றியை மட்டும்தான் பார்த்தேன்.

உத்தமபாளையத்தில் அண்ணன் தோட்டத்து மரங்கள் எல்லாம் குளித்து முடித்த மாதிரி நின்றன. பிசின் இருந்த இடத்தில் வழவழப்பு மட்டும் இருந்தது. அங்கிருந்து தோட்டம் தோட்டமாக, வீட்டுக் கொல்லை கொல்லையாக விசாரித்துக்கொண்டே போனோம். யார் வீட்டு முருங்கையையும் விடவில்லை. எங்கேயும் கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு வேதக்காரர் ஊரில், மாதா கோயிலை ஒட்டிய பள்ளிக்கூடத்தின் சைக்கிள் ஷெட்டில் பார்த்தோம். ஷெட் போடும்போது மரத்தை வெட்ட மனசில்லாமல் தகரத்தில் ஓட்டை போட்டு விட்டிருக்கிறார்கள். அடிமரம் முழுக்க நனையாமல் கூரைக்குக் கீழே இருந்தது. சைக்கிள்கள் இடித்து இடித்துக் காயம் பட்ட இடமெல்லாம் பிசின்! செம்பழுப்பாக, கட்டி கட்டியாக!

நான் அலுவலகத்துக்கு ஓடி சிஸ்டரிடம் அனுமதி கேட்டேன். அவர் முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தாராளமா எடுத்துக்கங்க. நானும் ஜெபம் பண்ணிக்கிறேன்," என்றார். திரும்பி வந்தால் மாமியார் டப்பாவை நிரப்பி மூடியே விட்டார்.

"சிஸ்டரம்மா என்ன சொன்னாக?"

"எடுத்துக்கச் சொல்லிட்டாங்க. அத்தை, மாவு தூவலையே? மஞ்சள், எண்ணெய்?"

"ஏ, உனக்கு வேற சோலி இல்ல? மாவு தொட்ட கையக்கூடக் கழுவிட்டுத்தான் எடுத்தேன்," என்று டப்பாவை என் கையில் திணித்தார்.

கரைத்து, வடிகட்டி, ஆல்கஹால் ஊற்றி, சவ்வில் கட்டி, உலர்த்தி, எல்லாம் முதலிலிருந்து. அயோடின் ஒரு சொட்டு விட்டேன். நீலம் வரவில்லை, அயோடின் தன் மஞ்சளிலேயே இருந்தது. லேபில் நான் தனியாக ஒரு ஆட்டம் போட்டேன், யாரும் பார்க்கவில்லை. மெஷினில் ஐந்து புள்ளி நான்கு துடைத்து விட்ட மாதிரி இருந்தது. கூம்புகள் எல்லாம் கூர்கூராக நின்றன. புள்ளிகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போய், ஒரு சர்க்கரைகூட அநாதையாக இல்லாமல், முழுக் குடும்பமும் கைகோத்துத் தெரிந்தது. மெஷின்காரர் தானே எழுந்து நின்று, "இப்போ குதிச்சுக்கோங்க சேச்சி," என்றார்.

கைடு பார்த்துவிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னார். "எழுதும்மா."

எழுதினேன். கெடு முடிவதற்குள் சுருக்கத்தைக் கொடுத்தேன், பிறகு ஆய்வேடும் கொடுத்தேன். கடைசியில் வாய்மொழித் தேர்வு வந்தது. பொதுத்தேர்வு அது, யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். வெளியூரிலிருந்து வருகிற தேர்வாளர் எல்லார் முன்னாலும் கேள்வி கேட்பார். அவர் திருப்தி இல்லை என்று சொல்லிவிட்டால் அவ்வளவுதான். என் மாமியார் முன்வரிசையில், மடியில் பொரிவிளங்கா உருண்டைத் தூக்கோடு உட்கார்ந்திருந்தார்.

தேர்வாளர் சிரிக்காத மனிதர். மாவு கலந்த முதல் வரைபடத்தையும் நான் மறைக்காமல் காட்டினேன். அதையே பிடித்துக்கொண்டார்.

"முதல் மாதிரியை எடுத்தது யாரு?"

"என் மாமியார் சார்."

"இரண்டாவதை?"

"அவங்களேதான் சார்."

அரங்கில் சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை. "அப்ப இதுல எதுவும் கலக்கலைன்னு எப்படி நம்புறது?"

நான் வாயைத் திறக்கும் முன்னால் முன்வரிசையில் ஒரு தூக்கு கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது. மாமியார் எழுந்து நின்றார்.

"அய்யா, மொதத் தடவ மாவு தூவுனது நாந்தான். அவ மேல தப்பு இல்ல. ரெண்டாந் தடவ சாமி சத்தியமா மாவு போடல." உட்கார்ந்தார். சத்தியம் செய்துவிட்ட பயமோ என்னவோ, மறுபடி எழுந்தார். "திருநீறு மட்டுந்தான் போட்டேன். ஒரே ஒரு சிட்டிக. எங்க கௌமாரி கோயில் திருநீறு."

கைடு நெற்றியில் கையை வைத்துக் குனிந்துகொண்டார். முந்தானை முடிச்சு அப்போதுதான் ஞாபகம் வந்தது. தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது உங்களுக்குத் தெரியுமா?"

"இப்பத்தான் சார் தெரியும்."

"சரி. பதில் சொல்லுங்க."

பெரிய மூச்சாக ஒன்று விட்டுவிட்டுச் சொன்னேன். திருநீறு சாம்பல். எரிய வேண்டியதெல்லாம் எரிந்து தீர்ந்துபோன பொருள். அதில் கரையாதது வடிகட்டியில் நின்றிருக்கும். கரைந்தது சின்ன உப்பு, சவ்வுப் பை வழியாக வெளியே போயிருக்கும். அதையும் மீறி ஏதாவது தங்கியிருந்தாலும், மெஷின் பார்ப்பது சர்க்கரையில் உள்ள மாதிரி கார்பனோடு ஒட்டிய ஹைட்ரஜனை. சாம்பலில் அது இல்லை, அதனால் கூம்பு விழாது.

"அதுல இரும்பு இருந்தா?"

"இரும்பு தங்கியிருந்தா கூம்பெல்லாம் அகலமாப் பரந்து போயிருக்கும் சார். பாருங்க, எப்படிக் கூரா நிக்குது!" கடைசி வார்த்தையில் என் குரல் கிறீச்சிட்டுவிட்டது.

அவர் திரைக்குப் பக்கத்தில் போய் ஒவ்வொரு கூம்பாகப் பார்த்தார். முதுகை மட்டும்தான் பார்க்க முடிந்தது. அந்த முதுகு குலுங்க ஆரம்பித்தது. திரும்பியபோது அந்தச் சிரிக்காத மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "உட்காருங்க டாக்டர்," என்றார். அரங்கத்தில் விசில் பறந்தது, அடித்தது என் வீட்டுக்காரர். தேர்வாளர் நேராக என் மாமியாரிடம் போய் ஒரு உருண்டையைக் கேட்டு வாங்கி, அங்கேயே கடித்தார்.

தேனி பஸ்ஸில் எனக்குச் சிரிப்பு நிற்கவே இல்லை. நினைத்து நினைத்துச் சிரித்தேன். ஊரில் ஃப்ளெக்ஸ் கட்டியாகிவிட்டதாம், 'புதிய சர்க்கரை' என்பதன் மேல் மட்டும் காகிதம் ஒட்டச் சொல்லிவிட்டாராம் என் வீட்டுக்காரர். மாமியார் ஜன்னலோரம், காலித் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு, வழியெல்லாம் எதையோ யோசித்தபடி வந்தார். வீரபாண்டி வழியாகப் போகிற பஸ் இல்லை அது. ஆனாலும் தேனியை நெருங்கியதும் அந்தத் திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏத்தா, அந்த மிசினுக்குத் திருநீறு நெசமாவே தெரியலையா?"

"தெரியலத்தை. மாவுதான் தெரிஞ்சுச்சு."

அவருக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"ஆத்தா குடுத்தது தெரியல, நான் போட்டது மட்டும் தெரிஞ்சுச்சாக்கும்," என்றார். "நல்ல மிசினு!"